மலைக் குளிரில் சிறுநீர் ஏன் மிகுகிறது? உடல் அதை எப்படி உருவாக்கி வெளியேற்றுகிறது?

மஞ்சூர்வாசி (குந்தா)

அனைவருக்கும் வணக்கம். பணி மாறுதலில் ஈரோட்டிலிருந்து நீலகிரி மலையில் உள்ள குந்தாப் பக்கம் குடிவந்த குடும்பம் எங்களுடையது. கீழே இருந்தபோது நாள் முழுவதும் தண்ணீர் குடித்தாலும் சிறுநீர் கழிக்க எழுந்தது குறைவுதான். இங்கே மார்கழி பிறந்ததிலிருந்து தண்ணீர்ச் செம்பைத் தொடுவதே அரிதாகிவிட்டது. ஆனால் கழிப்பறைக்குப் போவது மட்டும் கூடிக்கொண்டே இருக்கிறது. அதுவும் மஞ்சள் நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீராகப் போகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், குளிர் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது என்றும் தண்ணீரை இன்னும் குறைக்க வேண்டும் என்றும் சொல்கிறார். எங்கள் வீட்டைக் கடந்து கொழுந்து எடுக்கப் போகும் பெண்களும் அதே முறையைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். காலையில் ஒரு தம்ளர் தேநீரோடு சரி, அதற்கு மேல் குடித்தால் நடுத்தோட்டத்தில் என்ன செய்வது என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார்கள்.

குடிக்காத தண்ணீர் எங்கிருந்து இவ்வளவு சிறுநீராக வருகிறது, குடிப்பதைக் குறைப்பது இதற்குச் சரியான வழிதானா என்பதை, உடலின் செயல்பாட்டை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஊட்டி கேரட்

காரணம் வியர்வைதான் நண்பரே. ஈரோட்டு வெயிலில் தோல் வழியாகப் போன நீர் இங்கே போக வழியில்லாமல் சிறுநீராக இறங்குகிறது. இதில் பயப்பட ஒன்றுமில்லை.

உயிரியல் டீச்சர் (குன்னூர்)

வியர்வை ஒரு காரணம்தான். ஆனால் குடிக்கும் அளவும் குறைந்திருக்கும்போது அது மட்டுமே முழு விளக்கமாகாது. குளிரின் பங்கைப் பேசுவதற்கு முன்னால் சிறுநீர் உருவாகும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குடித்த தண்ணீர் வயிற்றிலிருந்து நேராகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது என்ற எண்ணம் படித்தவர்களிடம்கூட இருக்கிறது. அப்படி ஒரு குழாய் உடலில் கிடையாது. குடித்த நீர் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீர் இரத்தத்திலிருந்துதான் பிரித்தெடுக்கப்படுகிறது.

சிறுநீரகங்கள் இரண்டும் விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில், முதுகுப்பக்கமாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமும் 150 கிராம் எடையும் கொண்டது. இவ்வளவு சிறிய உறுப்புகளாக இருந்தும், இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டருக்கும் மேல், இவற்றின் வழியாகச் செல்கிறது. சிறுநீரகத்துக்குள் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய அலகுகள் ஒன்றுக்குச் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் நுண்குழாய்கள் முடிச்சுப்போல் சுருண்டு ஒரு கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கும். 1842-இல் அந்த அமைப்பை விவரித்த வில்லியம் போமன் பெயரால் அதைப் போமன் கிண்ணம் என்கிறோம். இரத்த அழுத்தத்தின் உந்துதலால் நீரும், உப்புகளும், குளுக்கோஸும், யூரியாவும் அந்தக் கிண்ணத்துக்குள் வடிகின்றன. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் வடிகட்டியைத் தாண்டுவதில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் தென்பட்டால் மருத்துவர் கவலைப்படுவது இதனால்தான்.

இப்படி வடியும் நீரின் அளவு நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர், ஒரு நாளுக்கு 180 லிட்டர். நாம் வெளியேற்றுவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி முழுவதும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு, நெஃப்ரானின் குழல் வழியே நகரும்போதே இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது.

மஞ்சூர்வாசி (குந்தா)

டீச்சர், 180 லிட்டரை வடித்துவிட்டு 178 லிட்டரைத் திரும்ப எடுப்பது வீண் வேலையாகத் தோன்றுகிறதே? வேண்டாததை மட்டும் பிரித்து வெளியேற்றியிருக்கக் கூடாதா?

உயிரியல் டீச்சர் (குன்னூர்)

நல்ல கேள்வி. வேண்டாத பொருள் எது என்று உடலுக்கு முன்கூட்டியே தெரியாது என்பதுதான் விடை. இன்றைக்கு நீங்கள் விழுங்கும் ஒரு புதிய மாத்திரை, மனித உடல் இதுவரை சந்தித்திராத ஒரு வேதிப்பொருளாக இருக்கலாம். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு தள்ள வேண்டுமென்றால், எண்ணற்ற பொருள்களுக்கு எண்ணற்ற வாயில்கள் தேவைப்படும். பரண் மேலிருக்கும் சாமான்கள் அனைத்தையும் கீழே இறக்கிவிட்டு, தேவையானவற்றை மட்டும் திரும்ப ஏற்றி வைப்பவரைப் போல, சிறுநீரகம் சிறிய மூலக்கூறுகள் அனைத்தையும் வடித்துவிட்டு, தனக்குத் தெரிந்த நல்ல பொருள்களை மட்டும் மீட்டுக்கொள்கிறது. அறிமுகமில்லாதது தானாகவே வெளியே போய்விடுகிறது.

மீட்கும் வேலை குழலின் முதற்பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது. நீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு அங்கே திரும்பிவிடும். குளுக்கோஸ் இயல்பு நிலையில் முழுமையாகத் திரும்பும். அடுத்துவரும் ஹென்லே வளைவு ஊசிமுனைபோல் மடங்கி, சிறுநீரகத்தின் உட்பகுதிக்குள் இறங்கி ஏறுகிறது. இறங்கும் பகுதி நீரை மட்டும் வெளியே விடுகிறது. ஏறும் பகுதி உப்பை மட்டும் வெளியே தள்ளி, நீரைத் தடுத்துவிடுகிறது. இதனால் சிறுநீரகத்தின் உட்புறம் இரத்தத்தைவிட நான்கு மடங்கு வரை செறிவுள்ள உவர்ப்பகுதியாக மாறுகிறது. கடைசியாக வரும் சேகரிப்புக் குழல் இந்த உவர்ப்பகுதியின் ஊடாகத்தான் இறங்கியாக வேண்டும். அந்தக் குழலின் சுவரில் நீர் புகும் வாயில்கள் திறந்திருந்தால் உவர்ப்பு நீரை வெளியே இழுத்துக்கொள்ளும், சிறுநீர் கெட்டியாகி அளவு குறையும். வாயில்கள் மூடியிருந்தால் நீர் அப்படியே இறங்கிவிடும், சிறுநீர் நிறமற்றுப் பெருகும். இத்தகைய நீர் வாயில்களை முதன்முதலாகக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் அக்ரே 2003-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த வாயில்களைத் திறக்கச் சொல்வது வாசோபிரசின் என்ற ஹார்மோன். மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் இது, நீர் சேமிப்பு ஹார்மோன். இரத்தம் சற்றே கெட்டியானாலும் இது சுரக்கும்; நீர்த்துப்போனால் நின்றுவிடும். மஞ்சூர்வாசி அவர்களின் பச்சைத் தண்ணீருக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, மாலையில் தொடர்கிறேன்.

தொட்டபெட்டா வழிகாட்டி

டீச்சர் வருவதற்குள் ஒரு கேள்வி. மலையேற்றத்துக்கு வரும் சமவெளி மக்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் ஏறி பர்லியாறு தாண்டியதுமே வண்டியை நிறுத்தச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். உயரமே சிறுநீரைப் பெருக்கும் என்று இமயமலை ஏறிய ஒருவர் என்னிடம் சொன்னார். நம் மலை உயரத்துக்கும் அது பொருந்துமா?

உயிரியல் டீச்சர் (குன்னூர்)

முதலில் குளிர். உடல் குளிரும்போது, வெப்பத்தை இழக்காமல் காப்பதற்காகக் கை, கால், தோல் ஆகியவற்றின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குளிரில் விரல்கள் வெளிறிப்போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கிருந்து விலகிய இரத்தம் மார்புக்கும் வயிற்றுக்கும் வந்து சேர்வதால், இதயத்தின் மேலறைகள் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக விரிகின்றன. உடலில் இருக்கும் மொத்த நீர் ஒரு சொட்டும் கூடவில்லை. ஆனால் இதயத்தின் உணர்வு நரம்புகளுக்கு இரத்தம் மிகுந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அந்தச் செய்தி மூளைக்குப் போனதும் வாசோபிரசின் குறைகிறது. இதயத்தின் மேலறைகளும் தம் பங்குக்கு ஒரு ஹார்மோனைச் சுரந்து, உப்பையும் அதனுடன் நீரையும் வெளியேற்றச் சொல்கின்றன. இரத்த அழுத்தம் சற்று உயர்வதும் அதே திசையில் வேலை செய்கிறது. விளைவாக, குடிக்காமலேயே சிறுநீர் பெருகுகிறது. சிறுநீரகத்தில் எந்தக் குறையும் இல்லை, தனக்கு வந்த கட்டளையை அது நிறைவேற்றியிருக்கிறது. குளிர் அதற்குள் இறங்கவும் இல்லை.

இதன் தொடர்ச்சியைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. குளிரில் தாக உணர்வு மங்கிவிடுகிறது. வறண்ட பனிக்கால வளியில் நாம் மூச்சு விடும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆவியாக நீர் வெளியேறுகிறது. ஆக, ஒரு பக்கம் சிறுநீர் மிகுகிறது, மறுபக்கம் குடிப்பது குறைகிறது. தை மாதத்து உறைபனிக் காலையில் உடல் உண்மையில் நீர் குறைந்த நிலையில் இருக்கக்கூடும். சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் உடலில் நீர் போதுமானது என்ற வழக்கமான அடையாளமும் குளிரில் முழுவதுமாக நம்பத்தக்கதல்ல.

உயரத்தைப் பற்றி: உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் மூச்சு வேகமாகிறது, அதனால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி இரத்தம் சற்றுக் காரத்தன்மை அடைகிறது. அதைச் சமன்செய்யச் சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றும்போது நீரும் உடன் போகிறது. இமயமலை ஏறியவர் சொன்னது உண்மை. ஆனால் உதகை 2,240 மீட்டர், தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உயரத்தின் விளைவு தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் என்பதால், நம் ஊரில் முதன்மைக் காரணம் குளிர்தான் என்பது என் கருத்து. பர்லியாற்றில் வண்டியை நிறுத்தச் சொல்பவர்களுக்குக் காரணம் மேட்டுப்பாளையத்தில் குடித்த இளநீராகவும் இருக்கலாம்.

ஊட்டி கேரட்

தேநீரை விட்டுவிட்டீர்களே டீச்சர். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று நாளெல்லாம் தேநீர் குடிக்கிறோம். அது சிறுநீரைப் பெருக்கும் பானம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

உயிரியல் டீச்சர் (குன்னூர்)

தேநீரில் உள்ள கஃபீன் சிறுநீரைப் பெருக்கும் தன்மை உடையதுதான். ஆனால் ஒரு சிறிய தம்ளர் தேநீரில் பெரும்பாலும் 50 மில்லிகிராமுக்கும் குறைவான கஃபீனே இருக்கிறது. குறிப்பிடத்தக்க விளைவு தெரிய ஒரே நேரத்தில் 250 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும். நாள்தோறும் குடிப்பவர்களின் உடல் அதற்கும் பழகிவிடுகிறது. எனவே தேநீராகக் குடித்த நீரில் பெரும்பகுதி நீராகவே கணக்கில் சேரும். தேயிலையால் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு சொல்வதால் சார்பு இருக்குமோ என்று ஐயப்பட வேண்டாம். நான் காப்பி குடிப்பவள்.

கொழுந்துக்காரி மகள் (கோத்தகிரி)

இதுவரை உடல் சிறுநீரை உருவாக்கும் பகுதியைத்தான் பேசியிருக்கிறீர்கள். வெளியேற்றும் பகுதியைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவும் சித்தியும் அதில்தான் துன்பப்பட்டார்கள். எங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். காலையில் தோட்டத்தில் இறங்கினால் மதிய எடை போடும் வரை ஒதுங்க இடம் கிடையாது. ஆண்கள் எந்தச் செடி மறைவிலும் நின்றுவிடுவார்கள். பெண்கள் சோலை ஓரமாகப் போனால் கரடியோ காட்டெருமையோ நிற்குமோ என்ற பயம், மழைக்காலமாக இருந்தால் அட்டை, இவை எல்லாவற்றுக்கும் மேலாக மேஸ்திரி பார்க்கும் பார்வை. அதனால் தண்ணீர் குடிக்காமல் போவதே பழக்கமாகிவிட்டது. நீர்க்கடுப்பு வராத ஆண்டே இருந்ததாக எனக்கு நினைவில்லை. சித்திக்கு அது குளிர்காய்ச்சலாக ஏறி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. காய்ச்சல் சிறுநீரகத்திலிருந்து வந்தது என்றார்கள்.

சிறுநீரை அடக்கினால் அது சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறிவிடும் என்பது உண்மையா? மஞ்சூர்வாசி அண்ணா வீட்டைக் கடந்து போகும் பெண்களுக்கு என்ன சொல்லலாம்?

ஓய்வு செவிலியர் (வெலிங்டன்)

தங்கைக்கு நான் பதில் சொல்கிறேன். சிறுநீரகப் பிரிவில் பணியாற்றியவள் என்ற முறையில், இந்த நோயோடு கொழுந்துப் பையைத் தோளில் மாட்டியபடியே வந்து நின்ற பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

சிறுநீரகத்தில் உருவாகும் சிறுநீர், பக்கத்துக்கு ஒன்றாக இறங்கும் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள நாளங்கள் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு வருகிறது. அது வெறும் ஈர்ப்பு விசையால் வடிவதில்லை; நாளத்தின் தசைச்சுவர் நிமிடத்துக்குச் சில முறை அலையலையாகச் சுருங்கிக் கீழே தள்ளுகிறது. படுத்திருந்தாலும் சிறுநீர் இறங்குவது அதனால்தான். நாளம் சிறுநீர்ப்பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைவதால், பை நிறைந்து அழுத்தம் கூடும்போது அந்தச் சாய்வான பகுதி நசுங்கி மூடிக்கொள்ளும். ஆகவே நலமாக உள்ள ஒருவர் எப்போதாவது அடக்கிக்கொள்வதால் சிறுநீர் சிறுநீரகத்துக்குத் திரும்புவதில்லை. சிறுநீரகமும் தன் வேலையை நிறுத்துவதில்லை. கழிப்பறை இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். 150 முதல் 250 வரை சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். பை விரிந்துகொண்டே போனாலும் உள்ளழுத்தம் அவ்வளவாக உயராதபடி அதன் தசை தளர்ந்து கொடுக்கும். நிரம்பும் காலம் முழுவதும் ஒரு வகை நரம்புகள் பையின் தசையைத் தளரவும் கழுத்துப் பகுதியை இறுகவும் வைத்திருக்கின்றன. இதற்கு வெளியே நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்ட இறுக்குத் தசை ஒன்று இருக்கிறது. நாம் அடக்குவது அந்தத் தசையைக் கொண்டுதான். கழிக்கலாம் என்று நாம் முடிவுசெய்ததும், மூளைத்தண்டில் உள்ள ஒரு மையம் தடையை நீக்குகிறது. இதை 1925-இல் ஃபிரெடெரிக் பேரிங்டன் விவரித்தார். வெளித்தசை முதலில் தளர்கிறது, பிறகு பை சுருங்குகிறது. இந்த வரிசை குலைந்தாலும் முக்கிப் போவது, சொட்டுச் சொட்டாகப் போவது எல்லாம் வரும்.

அடக்குவதன் தீங்கு வேறு வழியில் வருகிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் வழி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு அது 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். குடலில் வாழும் ஈ.கோலை போன்ற நுண்ணுயிரிகள் அந்தக் குறுகிய வழியில் எளிதாக ஏறிவிடுகின்றன. அடிக்கடி சிறுநீர் கழிப்பதே அவற்றை அடித்துக்கொண்டுபோகும் இயற்கையான காவல். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கிவைத்தால், உள்ளே நுழைந்தவை பெருகுவதற்கு நேரம் கொடுக்கிறோம். சாதகமான சூழலில் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது என்பதை நினைத்தால், காலை ஏழு மணிமுதல் மதியம்வரை அடக்குவது என்ன என்று விளங்கும். கடுப்பும் அவசரமும் சிறுநீர்ப்பையோடு நிற்கும் நோயின் அடையாளங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் அல்லது முதுகின் ஒரு பக்கத்தில் வலி, வாந்தி ஆகியவை வந்தால் நோய் நாளத்தின் வழியே மேலே ஏறிவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் சித்திக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்கும். கருவுற்ற பெண்கள் கடுப்பு தொடங்கியதுமே போய்விட வேண்டும்.

இன்னொரு தீங்கு கல். சிறுநீர் கெட்டியாக இருக்கும்போது அதில் கரைந்துள்ள உப்புகள் படிகமாகத் திரள்கின்றன. எனவே அந்தப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது: குளிர் காலத்தில் சிறுநீர் உருவாவது நம் கையில் இல்லை, தண்ணீரை நிறுத்தினாலும் அது முழுவதும் நிற்காது. கழிவுகளை வெளியேற்ற நாளுக்கு அரை லிட்டராவது சிறுநீர் உருவாகியே தீரும். தண்ணீரை நிறுத்துவதால் கழிப்பறைக்குப் போகும் தேவை சற்றுத் தள்ளிப்போகும். அதற்கு ஈடாக நோய் வரும்.

கொழுந்துக்காரி மகள் (கோத்தகிரி)

நன்றி அக்கா. குடிக்கச் சொல்வது எளிது, குடித்தபின் போக இடம் வேண்டுமே. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, தொழிலாளர்கள் எளிதில் சென்றுவரக்கூடிய இடத்தில் போதுமான கழிப்பிடங்கள் அமைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. தொழிற்சாலை வாசலில் ஒன்றைக் கட்டிவிட்டு, ஒரு மலைச்சரிவு தள்ளிக் கொழுந்து எடுப்பவளிடம் இருக்கிறது பார் என்று காட்டினால் அது எளிதில் சென்றுவரக்கூடிய இடமா? எடை போடும் இடத்துக்கு அருகே, தகரத்திலாவது ஒரு மறைப்பு வேண்டும். எங்கள் தோட்டத்தில் பெண்கள் ஒன்றாகப் போய்க் கேட்ட பிறகுதான் அது வந்தது.

காட்டுப்பாதை (மசினகுடி)

இழையை விட்டு விலகாமல் ஒரு செய்தி. முதுமலையில் யானை சிறுநீர் கழிப்பதை ஜீப்பில் வருபவர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள். வாளி வாளியாகக் கொட்டும். ஆனால் எடுத்துக்கொள்ளும் நேரம் நாம் எடுத்துக்கொள்வதைப் போன்றதுதான். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள், அளவு எதுவானாலும், ஏறத்தாழ 21 விநாடிகளில் சிறுநீர்ப்பையைக் காலி செய்கின்றன என்று 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பெரிய விலங்கின் வெளிக்குழல் நீளமாகவும் அகலமாகவும் இருப்பதால் ஈர்ப்பு விசை ஓட்டத்தை வேகப்படுத்துகிறதாம். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் அடுத்த ஆண்டு அந்த ஆய்வுக்குக் கிடைத்தது.

பழைய தபால்காரர் (அரவங்காடு)

யானைக்கு 21 விநாடி; எனக்கு அதைப்போல் பல மடங்கு. வயது எழுபதைக் கடந்துவிட்டது. இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கிறது, கம்பளியை விட்டு எழுந்து போய் நின்றால் வருவதற்கே நேரமாகிறது. இதற்கும் குளிர்தான் காரணமா, வயதா?

ஓய்வு செவிலியர் (வெலிங்டன்)

ஐயா, உங்கள் வயதில் பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன, அதனால் ஒன்றன்மேல் பழி போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். இளமையில் இரவில் வாசோபிரசின் மிகுதியாகச் சுரந்து சிறுநீரைக் குறைத்துவைக்கும். முதுமையில் அந்த இரவு ஏற்றம் மங்கிவிடுகிறது. பகலெல்லாம் நின்றும் நடந்தும் கால்களில் தேங்கும் நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. மாலையில் சிறிது நேரம் கால்களை உயர்த்தி வைத்து உட்கார்ந்தால், அந்த நீர் படுக்கைக்குப் போகும் முன்பே இறங்கிவிடும். இரத்த அழுத்தத்துக்கு நீர்ப்போக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், எந்த வேளையில் சாப்பிட வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நின்றபின் வருவதற்கு நேரமாவது வேறு செய்தி. சிறுநீர்ப்பைக்குக் கீழே வெளிக்குழலைச் சுற்றி அமைந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பி வயதோடு பெருத்துக் குழலை நெருக்குகிறது. பை முழுவதும் காலியாகாமல் மிச்சம் நிற்பதால் சீக்கிரமே மறுபடி நிறைகிறது. அத்துடன் இரத்தச் சர்க்கரையையும் பாருங்கள். டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் சர்க்கரை ஏறும்போது நெஃப்ரானால் முழுவதையும் மீட்க முடியாமல் போய், சர்க்கரை தன்னுடன் நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் வேண்டுமென்றே இந்த மீட்பைத் தடுப்பவை என்பதால், அவற்றைச் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர் கூடுவது எதிர்பார்க்கப்பட்டதே.

மலையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சளி, மூக்கடைப்பு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும் அல்லது பையின் தசையைச் சோரவைக்கும். புராஸ்டேட் பெருத்தவர் அவற்றை விழுங்கினால் சிறுநீர் அடியோடு நின்றுவிடலாம். அடிவயிறு வீங்கி, வலித்து, ஒரு சொட்டும் வராவிட்டால் அது விடியும்வரை பொறுக்க வேண்டிய நோயன்று. அந்த இரவிலேயே மருத்துவமனைக்குப் போய்க் குழாய் போட்டு வெளியேற்ற வேண்டும்.

பழைய தபால்காரர் (அரவங்காடு)

சளி மாத்திரை சாப்பிடும் வழக்கம் எனக்கு உண்டு. மருத்துவரிடம் இதையும் சொல்கிறேன். நன்றியம்மா.

மஞ்சூர்வாசி (குந்தா)

எல்லோருக்கும் நன்றி. பெரியவரிடம் விளக்கினேன், குளிர் இறங்கவில்லை என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை, வெந்நீர் குடிக்கலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு ஐயம். எங்கள் ஆறு வயது மகன் ஈரோட்டில் படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்தான். இங்கே வந்தபின் பனிக்காலத்தில் மறுபடி தொடங்கிவிட்டது. பள்ளித் தோழர்கள் கேலி செய்வார்கள் என்று அழுகிறான். இதுவும் குளிரின் விளைவுதானா?

உயிரியல் டீச்சர் (குன்னூர்)

குளிருக்கு ஒரு பங்கு இருக்கலாம். குழந்தையின் சிறுநீர்ப்பை சிறியது. வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் வரும் மில்லிலிட்டர் அளவு என்பது குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. ஆறு வயதில் அது 210. இரவுநேர வாசோபிரசின் ஏற்றமும், பை நிறைந்ததும் உறக்கம் கலையும் பழக்கமும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வயதில் கைகூடுகின்றன. ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏழில் ஒருவர் அளவுக்கு இது காணப்படுவதே. குளிரில் சிறுநீரின் அளவு கூடினால், விளிம்பில் நிற்கும் பை நிரம்பி வழிந்துவிடும். இடமாற்றத்தால் வரும் மனக்கலக்கமும் சேர்ந்துகொள்ளும். அவன் உறங்கும்போது நடப்பது அவன் விருப்பத்துக்கு உட்பட்டதன்று என்பதால், திட்டுவதால் பயன் எதுவும் இல்லை.

ஓய்வு செவிலியர் (வெலிங்டன்)

டீச்சர் சொன்னதோடு, நின்றுபோனது மறுபடி தொடங்கியிருப்பதால் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். பகலிலும் கடுப்போ அவசரமோ இருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, வழக்கத்தைவிடத் தண்ணீர் மிகுதியாகக் கேட்கிறானா, எடை குறைகிறதா என்று பாருங்கள். நிரம்பிய குடல் சிறுநீர்ப்பையை நெருக்குவது குழந்தைகளிடம் அடிக்கடி காண்பது. மிகுந்த தாகமும் எடைக்குறைவும் இருந்தால் தாமதிக்காமல் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், பகலில் நன்றாகக் குடிக்கவிட்டு, இரவு உணவுக்குப் பின் குறைத்து, படுக்கும்முன் ஒருமுறை கழிக்கச் செய்து, கால்களுக்குக் கம்பளிக் காலுறை போட்டுப் படுக்க வையுங்கள்.